ஒரு பிஸ்டனா, இரண்டு பிஸ்டனா? என் பத்மினிக்கு ஒரு பிரேக் பாடம்



குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. "சார், இன்னும் அந்த பத்மினியைத்தான் ஓட்டுறீங்களா?" என்று கேட்காத பழைய மாணவர் இல்லை. ஆமாம், அதேதான். 1985 மாடல். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்.

போன வருடம் பேரப்பிள்ளைகளோடு ஆரியங்காவு போய்விட்டுத் திரும்பும்போது, புளியரை இறக்கத்தில் பிரேக் மிதி பஞ்சு மாதிரி உள்ளே போய்விட்டது. இரண்டாவது கியருக்கு மாற்றி, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து ஓரங்கட்டினேன். அரை மணி நேரத்தில் மிதி பழையபடி ஆகிவிட்டது. பேத்தி, "தாத்தா, வண்டிக்கு மூச்சு வாங்குதா?" என்றாள். எனக்குத்தான் வாங்கியது.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு, முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் மாட்ட வேண்டும் என்று. பெங்களூரில் இருக்கும் தம்பி மகன், "பெரியப்பா, ரெண்டு பக்கமும் பிஸ்டன் இருக்கிற ஃபிக்ஸட் காலிப்பர் போடுங்க, ரெண்டு மடங்கு பிடிக்கும்" என்கிறான். தென்காசியில் பட்டறை வைத்திருக்கும் என் மாணவன், "ஒரே பிஸ்டன் உள்ள ஃப்ளோட்டிங் காலிப்பர் போதும் சார்" என்கிறான்.

நான் பட்டறைக்காரன் பக்கம். பாசத்தால் அல்ல, ஒன்பதாம் வகுப்புப் பாடத்தால். நியூட்டனின் மூன்றாம் விதி நினைவிருக்கிறதா? ஒற்றைப் பிஸ்டன் உள்பக்கத்து பேடைத் தள்ளும்போது, எதிர்விசை காலிப்பரையே பின்னுக்கு நகர்த்தி, வெளிப்பக்கத்து பேடையும் அதே விசையோடு டிஸ்க்கில் அழுத்துகிறது. பிஸ்டன் அளவும் எண்ணெய் அழுத்தமும் ஒன்றாக இருந்தால் இரண்டு வகையும் ஒரே அளவுதான் பிடிக்கும். இரண்டு மடங்கு என்பது கணக்குப் பிழை.

ஃபிக்ஸடுக்கும் பெருமை உண்டு. நகரும் பின் கிடையாது, பேடுகள் சமமாகத் தேயும். ஆனால் அகலம் அதிகம், ரிம்மில் இடிக்கலாம், விலையும் கூடுதல். ஃப்ளோட்டிங்கின் பலவீனம் அந்த ஸ்லைடு பின்தான். நம் சாரலில் துருவேறி இறுகிவிட்டால் ஒரு பேட் மட்டும் தேயும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஆனாலும் வருடா வருடம் சீசனுக்கு முன் கழற்றித் துடைத்து, அதற்கான கிரீஸ் வைத்தால் போதும். பேடும் சீலும் தென்காசியிலேயே கிடைக்கும் பொருளாகத் தேர்ந்தெடுப்பேன். ஊரில் கிடைக்காத உயர்ந்த காலிப்பரைவிட, ஊரில் கழற்றி மாட்டத் தெரிந்த காலிப்பர் பாதுகாப்பானது.

இன்னொன்று: டிரம்மில் பிரேக் ஷூ சுழற்சியோடு தானே இறுகிக்கொள்ளும். டிஸ்க்கில் அந்த உதவி இல்லை. ஆகவே மாஸ்டர் சிலிண்டரையும் பார்க்க வேண்டும், பூஸ்டரும் வேண்டியிருக்கும். காலிப்பரை மட்டும் மாட்டி அனுப்பும் பட்டறையை நம்பாதீர்கள்.

கடைசியாக என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். அன்று பழுதானது டிரம் அல்ல. நான்கு வருடமாக நான் பிரேக் ஆயில் மாற்றவில்லை. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 எண்ணெய் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். கொதித்தால் ஆவிக் குமிழி, குமிழி வந்தால் மிதி பஞ்சு. எந்தக் காலிப்பர் மாட்டினாலும் பழைய எண்ணெய் கொதிக்கத்தான் செய்யும்.

இனி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவேன். உங்கள் வண்டியில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? தெரியாது என்றால், குற்றாலம் வருமுன் மாற்றிவிட்டு வாருங்கள். காபி என் பொறுப்பு.