எழுவாய் எங்கே போயிற்று?

சென்ற மாதம் ஒரு வாலிபத் தோழர், தாம் இங்கிலீஷில் எழுதிய மனு ஒன்றைக் கொண்டுவந்து திருத்தித் தரும்படி கேட்டார். நாம் காலேஜ் வாசற்படி மிதித்தவரல்ல. பழைய பத்திரிகையும் அகராதியுமே நமக்கு வாத்தியார். என்றாலும் வாங்கிப் பார்த்தோம்.

பட்டா மாற்ற ஒரு உத்தியோகஸ்தர் லஞ்சம் வாங்கினார் என்பதை ‘ஹி பாட் எ பிரைப்’ என்று எழுதியிருந்தார். இதற்கு இங்கிலீஷ்காரன் கொள்ளும் அர்த்தம், அந்த உத்தியோகஸ்தர் ஏதோ கடையில் காசு கொடுத்து லஞ்சத்தை விலைக்கு வாங்கினார் என்பதாகும்! நம் பாஷையில் கத்தரிக்காயையும் வாங்குகிறோம், லஞ்சத்தையும் வாங்குகிறார்கள். அவர்கள் பாஷையில் லஞ்சத்துக்கு ‘டுக்’ என்றுதான் சொல்லவேண்டும்.

அடுத்தது ‘தே டிட் கரப்ஷன்’. ஊழல் செய்தார்கள் என்பதை அப்படியே பெயர்த்துவிட்டார். இங்கிலீஷில் இது வழக்கமில்லை. லஞ்சம் வாங்கினானா, பொதுப்பணத்தைக் கையாடினானா, டெண்டரை மைத்துனனுக்குச் சேரும்படி சூழ்ச்சி செய்தானா என்று காரியத்தைப் பிரித்துச் சொல்லவேண்டும். அந்தப் பாஷையின் இந்தப் பிடிவாதம் நமக்கு நன்மையே.

நிற்க, மூன்றாவது வாக்கியந்தான் நம்மைத் தூக்கிவாரிப்போட்டது. ‘இர்ரெகுலாரிட்டீஸ் டுக் பிளேஸ்’, அதாவது முறைகேடுகள் நடந்தன. இதில் இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. ஆனால் மழை பெய்தது, இடி விழுந்தது என்பதுபோல் முறைகேடும் தானாக நடந்துவிடுமா? செய்தவன் எங்கே?

“இது இயற்கையான இங்கிலீஷ்தானே, ஐயா?” என்றார் தோழர்.

இயற்கைதான். ஆட்சிபீடத்தில் இருப்பவர்களுக்கு இதைவிட இயற்கையானது வேறில்லை. அமெரிக்க ஜனாதிபதி கிராண்டின் யுத்த மந்திரி பெல்நாப், வியாபார உரிமைக்குப் பணம் வாங்கினாரென்ற புகாரில் 1876-ல் ராஜிநாமா செய்தார். அந்த வருஷக் கடைசியில் கிராண்ட் தம் நாட்டுக் காங்கிரஸ் சபைக்கு எழுதியபோது, தவறுகள் செய்யப்பட்டிருக்கின்றன என்றார். 1987-ல் ரீகன், ஈரானுக்கு ஆயுதம் விற்ற விஷயத்தில் ஏறக்குறைய அதையே சொன்னார். 111 வருஷமாகியும் அந்த வாக்கியத்துக்கு எழுவாய் கிடைக்கவில்லை! இதைத்தான் நம் பிள்ளைகள் நல்ல நடையென்று உருப்போடுகிறார்கள்.

“பெயரைப் போட்டால் மானநஷ்ட வழக்கு வருமே?” என்று தோழர் பயந்தார். பயம் நியாயமானதே. அதற்குத்தான் இங்கிலீஷில் மூன்று படி இருக்கிறது. யாரோ புகார் சொன்னால் ‘அக்யூஸ்ட் ஆஃப்’. முறைப்படி குற்றச்சாட்டுப் பதிவானால் ‘சார்ஜ்ட் வித்’. கோர்ட்டு தீர்ப்பளித்த பிறகே ‘கன்விக்டெட் ஆஃப்’. முதல் இரண்டுக்கும் நாம் குற்றஞ்சாட்டப்பட்டவர் என்ற ஒரே சொல்லைப் போட்டுக் குழப்புகிறோம். எந்தப் படியில் நிற்கிறோமென்று தெரிந்து எழுதினால் உண்மையும் கெடாது, தலையும் உருளாது.

பிறகு, பணம் எப்போது கொடுத்தீர் என்று கேட்டோம். நாலு நாளாயிற்று என்றார். லஞ்சம் கொடுக்கக் கட்டாயப்படுத்தப்பட்டவர் 7 நாளுக்குள் போலீசுக்கோ விசாரணை அதிகாரிக்கோ தெரிவித்துவிட்டால், கொடுத்த குற்றம் அவரைச் சேராது என்று 1988-ஆம் வருஷச் சட்டத்தில் 2018-ல் திருத்தம் வந்திருக்கிறது. ஆகவே ‘ஐ கேவ்’ என்று மொட்டையாக எழுதியிருந்ததை ‘ஐ வாஸ் கம்பெல்ட் டு பே’ என்று மாற்றி, தேதி, இடம், தொகை எல்லாம் போடச் சொன்னோம்.

‘ஹி’ என்றிருந்த இடத்தை அடித்துவிட்டு, பேனாவைப் பிடித்தபடி தோழர் சற்றுநேரம் சும்மா இருந்தார். பிறகு பெயரை எழுதினார்.