சுவர் சுவிட்சுக்கு ஒரு வக்காலத்து

கல்கத்தாவில் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் குடித்தனம் நடத்தியவர்களுக்கு ‘லோட் ஷெட்டிங்’ என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. மாலை நேரத்தில் தெருவே இருளில் மூழ்கும். மின்சாரம் திரும்பியதும் ‘காரென்ட் எஷே கேச்சே’ என்று பாடா முழுவதும் ஒரே குரலாக எழும். அன்று மின்சாரத்தின் அருமை குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்திருந்தது. இன்று அந்தத் தொல்லை பெரும்பாலும் ஒழிந்துவிட்டது. அதோடு அந்த அருமையும் நமக்கு மறந்துவிட்டது.

எங்கள் லேக் கார்டன்ஸ் நிலையத்தில் நின்று செல்லும் ரயில்களில் பல, பஜ்பஜ் வரை போகின்றன. சி.இ.எஸ்.சி. நிறுவனத்தின் 750 மெகாவாட் அனல்மின் நிலையம் அந்தப் பக்கத்தில்தான், ஹூக்ளிக் கரையில் இருக்கிறது. அங்கே ஒரு யூனிட் மின்சாரம் பிறக்க அரை கிலோவுக்கு மேல் நிலக்கரி எரிய வேண்டும். ஆளில்லாத அறையில் சுழலும் மின்விசிறிக்காகவும் அது எரிகிறது.

வீட்டில் மின்சாரம் வீணாவது இரண்டு வகை. ஒன்று, கண்ணுக்குத் தெரிவது: கூடத்தில் ஓடும் விசிறி, குளித்து முடித்த பின்னும் அணைக்காத கீஸர், பட்டப்பகலில் எரியும் படிக்கட்டு விளக்கு. படிக்கட்டு விளக்கு எல்லோருக்கும் பொது. ஆகவே அதை யாரும் அணைப்பதில்லை. கட்டணம் மட்டும் பராமரிப்புச் செலவாக எல்லார் தலையிலும் விழுகிறது.

மற்றொன்று, அணைத்துவிட்டதாக நாம் நினைத்துக்கொண்டிருப்பது. ரிமோட்டால் அணைத்த சாதனம் முழுதாக அணைவதில்லை. அடுத்த கட்டளைக்காக விழித்தபடி காத்திருக்கிறது. இதைத்தான் ‘ஸ்டாண்ட்பை’ என்கிறார்கள். இதில் பெரிய குற்றவாளி செட்-டாப் பாக்ஸ். 2012-இல் நான்கு பெருநகரங்களில் டிஜிட்டல் கேபிள் கட்டாயமானபோது அது வீடுதோறும் நுழைந்தது. பல பெட்டிகள், ரிமோட்டில் அணைத்த பின்னும், ஓடும்போது இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியை இழுத்துக்கொண்டே இருக்கும். 10 வாட் என்று வைத்துக்கொண்டால், நாள் முழுவதும் இழுப்பதற்கு ஆண்டில் 87 யூனிட் ஆகிறது. யூனிட் 8 ரூபாய் என்றால் ஏறத்தாழ 700 ரூபாய். யாரும் பார்க்காத நேரத்துக்கும் சேர்த்துத்தான் இந்தப் பணம்.

‘700 ரூபாய் ஒரு பெரிய தொகையா?’ என்று சிலர் கேட்கலாம். தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இங்கே நாம் முதல் யூனிட்டிலிருந்தே காசு கொடுக்கிறோம். அதோடு, இந்நகரில் கட்டணம் படிப்படியாக ஏறுகிறது. ஆகவே நாம் மிச்சப்படுத்தும் யூனிட், கடைசிப் படியில் உள்ள விலை உயர்ந்த யூனிட். ஒரு வீட்டுக்குச் சிறிதாகத் தெரியும் கணக்கு, ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு, ஒரு பேட்டைக்கு என்று பெருக்கினால் சிறிதாக இருக்காது.

‘இது உற்பத்தியாளர்கள் கவனிக்க வேண்டியது’ என்று வாதிடுவோரும் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2008-இல் விதி வகுத்து, பெரும்பாலான வீட்டுச் சாதனங்களின் ஸ்டாண்ட்பை அளவை 2010 முதல் 1 வாட் என்றும், 2013 முதல் அரை வாட் என்றும் கட்டுப்படுத்தியது. தகவல் காட்டும் திரை இருந்தால் சற்றுக் கூடுதல் சலுகை. நம் நாட்டிலும் 2006 முதல் நட்சத்திர முத்திரை இருக்கிறது. வாங்கும்போது அதைப் பார்த்து வாங்க வேண்டியதுதான். ஆனால் எந்த விதியும் நம் வீட்டு அலமாரியில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் பழைய பெட்டியை வந்து அணைக்கப் போவதில்லை.

அதற்கான வழி நம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் வந்தவர்கள் கவனித்திருப்பார்கள்: அங்கே சுவரில் உள்ள பிளக் பாயின்டுகளில் பெரும்பாலும் சுவிட்ச் கிடையாது. நம் வீடுகளில் பிளக்குக்குப் பிளக் சுவிட்ச் உண்டு. ரிமோட் வந்ததும் அதை மறந்துவிட்டோம்.

எதை அணைப்பது, எதை விடுவது என்பதிலும் விவேகம் வேண்டும். போன் செருகாத சார்ஜர் இழுப்பது மிகச் சொற்பம். அதற்காக வீட்டில் சண்டை வேண்டாம். ஏசி ஓடாதபோதும் அதன் ஸ்டெபிலைசர் தொட்டால் சூடாக இருக்கிறதா? அப்படியானால் அது மின்சாரம் தின்கிறது, சுவரில் அணையுங்கள். லோட் ஷெட்டிங் காலத்துப் பழக்கத்தில் வைத்திருக்கும் இன்வர்ட்டரும் பேட்டரியை நிரப்பி வைக்க இரவு பகலாகச் சிறிது இழுக்கும். அதை அணைத்து மாதக்கணக்கில் போட்டுவைத்தால் பேட்டரி கெட்டுவிடும். ஆகவே உண்மையிலேயே தேவையா என்று யோசித்து, தேவையில்லையேல் கொடுத்துவிடுவது மேல்.

உங்கள் வீட்டுக் கணக்கைத் தெரிந்துகொள்ள எளிய சோதனை ஒன்று சொல்கிறேன். படுக்கப் போகுமுன் விளக்கு, விசிறி, ஏசி எல்லாவற்றையும் வழக்கம்போல் அணையுங்கள். ஃபிரிட்ஜை மட்டும் பத்து நிமிடம் சுவரில் நிறுத்துங்கள். இப்போது மின்மீட்டரில் மினுக்கும் சிறு விளக்கைப் பாருங்கள். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று மீட்டரின் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். அது 3200 என்றிருந்து, நிமிடத்துக்கு ஒருமுறை மினுக்கினால், ‘எல்லாம் அணைந்த’ உங்கள் வீடு ஏறத்தாழ 19 வாட் இழுக்கிறது என்று பொருள். ஆண்டுக்கு 160 யூனிட்டுக்கு மேல்! பிறகு ஒவ்வொரு பிளக்காக அணைத்துப் பார்த்தால் யார் காரணம் என்று தெரிந்துவிடும். சோதனை முடிந்ததும் ஃபிரிட்ஜை மீண்டும் போட மறக்க வேண்டாம்.

விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும் அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஏறுமுன் கேஸ் சிலிண்டரை மூடினோமா, கதவைப் பூட்டினோமா என்று இரண்டு முறை பார்க்கிறோம். டி.வி., செட்-டாப் பாக்ஸ், இன்டர்நெட் பெட்டி, ஸ்டெபிலைசர் ஆகியவற்றின் சுவர் சுவிட்சுகளையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு மின்சாரம் எதற்கு?