ஆமை வாங்குமுன் சில வார்த்தைகள்

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று நம் ஊரில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். எங்கள் வீட்டுக்குள் ஆமை புகுந்தது 2016-ஆம் ஆண்டு. நான் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற ஆண்டும் அதுதான். தானாக நடந்து வரவில்லை. பேரனின் ஆறாவது பிறந்த நாளுக்காக என் மகன் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வாங்கி வந்தான். ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரியது. பச்சை ஓடு, கண்ணுக்குப் பின்னால் இருபுறமும் சிவப்புக் கோடு. என் மனைவி பழமொழியைச் சொல்லி முகம் சுளித்தாள். மகனோ, "அம்மா, இப்போது இதுதான் அதிர்ஷ்டம் என்கிறார்கள்" என்றான்.

கடைக்காரர் மூன்று வாக்கியம் சொல்லி அனுப்பியிருந்தார். "இது இவ்வளவுதான் வளரும். அரிசிப் பொரி போட்டால் போதும். கேப்டிவ் பிரெட் சார், பயமில்லை." மூன்றாவது வாக்கியத்தின் பொருள் எங்கள் யாருக்கும் தெரியாது. இங்கிலீஷில் சொன்னதால் நல்லதாகத்தான் இருக்கும் என்று எண்ணிவிட்டோம். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த எண்ணம்தான்.

ரயில்வேயில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் தண்டவாளப் பராமரிப்பில் இருந்தவன் நான். எங்கள் தொழிலில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே பொருள்தான். 'லைன் கிளியர்' என்றால் லைன் கிளியர். 'காஷன் ஆர்டர்' என்றால் இந்த இடத்தில் இந்த வேகத்துக்கு மேல் போகாதே என்று பொருள். சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்ளாதவன் கையில் ரயிலைக் கொடுக்க மாட்டோம். ஆனால் உயிருள்ள ஒரு பிராணியை, அதைப் பற்றிய நான்கு சொற்கள்கூடத் தெரியாத ஆறு வயதுக் குழந்தையின் கையில் கொடுத்துவிடுகிறோம்.

பெங்களூரில் இன்று நாய், பூனை, கிளி என்ற காலம் போய், ஆமை, ஓணான், மலைப்பாம்பு, தவளை என்று வளர்க்கும் வழக்கம் பெருகி வருகிறது. நம் சங்கக் குடும்பங்களிலும் பிள்ளைகள் கேட்கிறார்கள். கேட்கும்போது பெற்றோர் தெரிந்துவைத்திருக்க வேண்டிய சொற்கள் சிலவற்றை, நான் பட்டுத் தெரிந்துகொண்ட வரிசையில் சொல்கிறேன்.

முதல் சொல் 'ஆமை'. இங்கிலீஷில் நிலத்தில் வாழ்வதை டார்ட்டாய்ஸ் என்றும், நீரில் வாழ்வதை டர்ட்டில், டெரப்பின் என்றும் பிரிக்கிறார்கள். நமக்கு எல்லாம் ஆமைதான் என்று நினைத்துவிடக் கூடாது. நம் கடற்கரை மீனவர்கள் பேராமை, அழுங்காமை, சித்தாமை, ஏழுவரி ஆமை என்று கடலாமைகளைத் தனித்தனியே பெயரிட்டு அழைக்கிறார்கள். பிரித்துப் பார்க்கும் அறிவு நம் மொழியில் உண்டு. நகரத்துக்கு வந்த நாம்தான் மறந்துவிட்டோம். நில ஆமையைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டால் மூழ்கிச் சாகும். நீராமையை வெறும் தரையில் விட்டால் காய்ந்து வாடும். இரண்டும் இந்த ஊரில் நடக்கிறது.

அடுத்தது 'குளிர் ரத்தம்'. ரத்தம் எப்போதும் சில்லென்று இருக்கும் என்று பொருளல்ல. உடல் தானாகப் போதிய சூட்டை உண்டாக்கிக்கொள்ளாது, வெளியிலிருந்துதான் பெற வேண்டும் என்பதே பொருள். எங்கள் தண்டவாளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கோடை நடுப்பகலில் காற்றின் சூடு ஒன்று, தண்டவாளத்தின் சூடு வேறு. அதனால்தான் தண்டவாளத்தின் மேலேயே தெர்மாமீட்டர் வைத்து அளப்போம். ஆமைக்கும் அப்படியே. அறையில் எவ்வளவு சூடு என்பதோடு, அது வெயில் காயும் கல்லில் எவ்வளவு சூடு என்பதையும் பார்க்க வேண்டும். சூடு போதாவிட்டால் தின்றது செரிக்காது.

இதோடு ஒட்டியது 'கிரேடியன்ட்'. ரயில்காரனுக்குக் கிரேடியன்ட் என்றால் பாதையின் ஏற்ற இறக்கம். பிராணி வளர்ப்பில் அது சூட்டின் ஏற்ற இறக்கம். தொட்டியின் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். வேண்டும்போது வெயிலுக்கும், போதும் என்றால் நிழலுக்கும் அது தானே நகர்ந்துகொள்ளும். எங்கள் வீட்டுக் கண்ணாடிக் கிண்ணத்தில் நகர இடமேது?

நான்காவது சொல்லைத் தெரிந்துகொள்ள நாங்கள் ஓராண்டு எடுத்துக்கொண்டோம். அதற்குள் ஆமையின் கண்கள் வீங்கி மூடிக்கொண்டன. ஓடு, ஊறிய அட்டைபோல் மெத்தென்று ஆகிவிட்டது. கால்நடை மருத்துவர் ஒருவரிடம் தூக்கிக்கொண்டு போனோம். "வெயில் காட்டினீர்களா?" என்று கேட்டார். "தினமும் ஜன்னலோரம் வைக்கிறோம்" என்றாள் மருமகள். "ஜன்னல் கண்ணாடி திறந்திருக்குமா?" என்றார். மூடித்தான் இருக்கும். 'யூவிபி' என்ற புற ஊதாக் கதிர் சாதாரண ஜன்னல் கண்ணாடியைக் கடந்து வருவதில்லை என்பதை அன்றுதான் அறிந்தேன். அந்தக் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி-3 உண்டாகும். அது இருந்தால்தான் தின்னும் சுண்ணாம்புச் சத்து உடலில் சேரும். ஆமையின் ஓடு மேலே போர்த்திய மூடியல்ல, விலா எலும்புகளோடு சேர்ந்து வளர்ந்த எலும்புக்கூடு. எலும்பு இளகினால் ஓடும் இளகும். கண் வீக்கத்துக்குக் காரணம் வைட்டமின் ஏ குறைவு. பொரியில் அது ஏது?

அன்று மருத்துவர் இன்னொன்றும் சொன்னார். சிறு ஆமைகளின் உடலில் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கலாம். குழந்தைகள் அவற்றை வாயில் வைப்பதால் நோய் பரவியதைப் பார்த்து, அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைவான ஓடுள்ள ஆமைகளை விற்க 1975-லேயே தடை விதித்துவிட்டார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தது ஒன்றரை அங்குலம். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவு என்றுகூடக் கடையில் யாரும் சொல்லவில்லை.

தவளை வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தவளை தோலாலும் மூச்சு விடும், தோலாலேயே நீரை உறிஞ்சும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றுவது அதன் உடலுக்குள் குளோரினை ஏற்றுவதற்குச் சமம். தவளைகளின் தோலைத் தாக்கும் சைட்ரிட் என்ற பூஞ்சை, வளர்ப்புத் தவளை வியாபாரத்தின் வழியாகவும் நாடு விட்டு நாடு போயிருக்கிறது. அந்த நோயால் 501 இனங்கள் குறைந்துவிட்டன, அவற்றில் 90 அடியோடு அழிந்திருக்கலாம் என்று 2019-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. புதிதாக வந்த பிராணியைத் தனியே வைக்கும் 'குவாரண்டைன்' என்ற சொல்லைக் கொரோனா நமக்கெல்லாம் கற்றுக்கொடுத்துவிட்டது. அதை இங்கும் மறக்கக் கூடாது.

இனி அந்தக் 'கேப்டிவ் பிரெட்'. கூண்டில் வளரும் தாய் தகப்பனுக்குக் கூண்டிலேயே பிறந்தது என்று பொருள். இதற்கு எதிர்ப்பதம் காட்டிலிருந்து பிடித்து வந்தது. காட்டில் பிடித்த சினை ஆமை கூண்டில் முட்டையிட்டால் அந்தக் குஞ்சையும் கூண்டில் பிறந்தது என்று விற்பவர்கள் உண்டு. வாயால் சொல்வதற்கு மதிப்பில்லை, காகிதம் வேண்டும். 2022-ல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள வெளிநாட்டுப் பிராணியை வைத்திருப்பவர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். 2024 பிப்ரவரியில் வந்த விதிகள், அது குட்டி போட்டாலும் இறந்தாலும் கைமாறினாலும் தெரிவிக்கச் சொல்கின்றன.

நம் நாட்டு நட்சத்திர ஆமையையோ வீட்டில் வைத்திருப்பதே குற்றம். வாங்கினாலும் விற்றாலும் குற்றம். வாஸ்து என்றும் அதிர்ஷ்டம் என்றும் சொல்லிக் கொடுத்தாலும் குற்றம்தான். பழைய பழமொழியை நம்பியவர்கள் ஆமையை வீட்டுக்குள் விடவில்லை. அதனால் ஆமை காட்டில் பிழைத்தது. புதிய மூடநம்பிக்கை அதைப் பெட்டிக்குள் அடைக்கிறது. இங்கிருந்து கடத்தப்பட்டவற்றில் 51 நட்சத்திர ஆமைகள் 2018 நவம்பரில் சிங்கப்பூரிலிருந்து விமானத்தில் கர்நாடகத்துக்குத் திரும்பி வந்தன. திரும்பி வராதவை எத்தனையோ. எதிர்த் திசையிலும் கடத்தல் உண்டு. 2023 ஆகஸ்டில் பாங்காக்கிலிருந்து நம் பெங்களூர் விமான நிலையத்தில் இறங்கிய ஒரு பயணியின் பெட்டிகளில் மலைப்பாம்பு, பச்சோந்தி, ஆமை என்று 234 பிராணிகள். அதில் ஒரு கங்காருக் குட்டி மூச்சுத் திணறி இறந்தே கிடந்தது. 2024 ஏப்ரலில் பத்து மஞ்சள் அனகோண்டாக்கள் பிடிபட்டன. வாங்க ஆளிருப்பதால்தானே கொண்டுவருகிறார்கள்?

"நாங்கள் வாங்கவில்லை, வளர்த்துப் பெருக்குகிறோம்" என்பவர்களுக்கு, சென்னையை அடுத்த வடநெம்மேலி முதலைப் பண்ணையின் அனுபவத்தைச் சொல்வேன். ராமுலஸ் விட்டேகர் அதை 1976-ல் தொடங்கினார். முதலை முட்டையில் ஆணா பெண்ணா என்பதை அடைகாக்கும் சூடே தீர்மானிக்கிறது. நம் நாட்டுச் சதுப்புநில முதலையின் முட்டையை 31 டிகிரிக்குக் கீழே வைத்தால் பெண், 32.5 டிகிரியை ஒட்டி வைத்தால் ஆண் என்பது அங்கே நடந்த ஆராய்ச்சியில் தெரியவந்தது. ஒன்றரை டிகிரியில் இவ்வளவு வேறுபாடு! குஞ்சுகளை ஏராளமாகப் பெருக்கிக் காடுகளுக்கு அனுப்பினார்கள். பிறகு விட இடமில்லாமல், முட்டைகளைப் பொரிக்கவிடாமல் தடுக்க வேண்டிய நிலை வந்தது. விஞ்ஞானிகளுக்கே இந்தப் பாடு என்றால், அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் இன்குபேட்டர் வைப்பவர் பிறக்கும் குஞ்சுகளை எங்கே கொடுப்பார்?

அதே வடநெம்மேலியில் 1978 முதல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, சில வாரம் வைத்து விஷம் எடுத்து, மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. பாம்பை நம் எல்லாரையும்விட நன்றாக அறிந்தவர்கள் அதைச் செல்லப் பிராணியாக வைத்துக்கொள்ளவில்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கடைசிச் சொல் 'ரிலீஸ்', அதாவது கொண்டுபோய் விட்டுவிடுவது. எங்கள் ஆமைக்குக் கண்ணும் ஓடும் தேறியது. தேறியதும் வளர்ந்தது, இன்று என் உள்ளங்கை இரண்டையும் சேர்த்து வைத்தாலும் கொள்ளாது. தொட்டி போதவில்லை. நாற்றம் வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் அதை வாளியில் போட்டு, "அப்பா, அல்சூர் ஏரியில் விட்டுவிடுவோம், சுதந்திரமாக இருக்கும்" என்றான். புண்ணியம் என்றே நானும் நினைத்துக் கிளம்பினேன். பேரன்தான் வழியை மறித்து, "தாத்தா, இது நம்ம ஊர் ஆமை இல்லை" என்றான். எங்கோ படித்திருக்கிறான்.

அவன் சொன்னது உண்மை. அது அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து ஆமை. உலகிலேயே அதிகக் கேடு செய்யும் 100 அந்நிய உயிரினங்களின் பட்டியலில் அதுவும் உண்டு. ஐரோப்பிய நாடுகள் அதன் இறக்குமதியை 1997-லேயே நிறுத்திவிட்டன. ஏரியில் விட்டால் நம் நாட்டு ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் பறித்துக்கொள்ளும். நாம் புண்ணியம் என்று நினைத்துச் செய்ய இருந்தது பாவம். வாளியோடு வீடு திரும்பினோம்.

இன்று அது மொட்டை மாடியில், நானே செங்கல் வைத்துக் கட்டிய தொட்டியில் இருக்கிறது. ஒரு புறம் வெயில், மறுபுறம் நிழல், நடுவே ஏற ஒரு சரிவு. இந்த இனம் முப்பது ஆண்டும் அதற்கு மேலும் வாழும். எனக்கு அறுபத்தொன்பது வயது. எனக்குப் பின் பேரன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறந்த நாள் பரிசு என்று நாங்கள் அவனுக்குக் கொடுத்தது முப்பது ஆண்டுப் பொறுப்பு. ஆறு வயதில் அதை அவனிடம் யாரும் கேட்கவில்லை.

ஆகவே என் பணிவான கருத்து இதுதான். பிள்ளை கேட்டால் உடனே வாங்கித் தராதீர்கள். எத்தனை ஆண்டு வாழும், எவ்வளவு வளரும், எந்த நாட்டது, காகிதம் எங்கே என்று கடையில் கேளுங்கள். பதில் புரியாவிட்டால் வெளியே வந்துவிடுங்கள். ஏற்கனவே வாங்கியிருந்தால் ஏரியில் விடாதீர்கள். நட்சத்திர ஆமை வைத்திருப்பவர்கள் மறைக்காமல் மல்லேஸ்வரம் அரண்ய பவனில் உள்ள வனத்துறையை அணுகி வழி கேளுங்கள். நம் சங்கமும் ஒரு மாலைப் பொழுதில் கால்நடை மருத்துவர் ஒருவரையும் வனத்துறை அதிகாரி ஒருவரையும் அழைத்துப் பேச வைத்தால் பிள்ளைகளுக்குப் பயன்படும். நாற்காலி போடவும் எடுத்து வைக்கவும் நான் வருகிறேன். வேண்டுமானால் எங்கள் ஆமையையும் வாளியில் கொண்டுவருகிறேன்.