ஜனவரியில் பதினொரு மடங்கு மழை: குத்தகை நெல்லுக்கு யார் பொறுப்பு?

2021 ஜனவரி மாதம் தமிழகத்தில் பெய்த மழை சராசரியாக 136 மில்லிமீட்டர். அந்த மாதத்தின் இயல்பான அளவோ 12 மில்லிமீட்டர்தான். "ஆயிரம் சதவீதம் அதிகம்" என்று செய்தி வந்ததும், நம் மஹல்லா வாட்ஸ்அப் குழுக்களில் அது கியாமத் நாளின் அடையாளம் என்பது வரை போய்விட்டது. வானிலைக் கணக்கை அதன் இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு மார்க்கத்துக்கு வருவோம். ஏனெனில் இந்த மாதத்தின் மழை, காரைக்காலில் நிலம் வைத்திருக்கும் நம் குடும்பங்கள் மீது ஒரு கேள்வியை வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

'இயல்பு' என்பது மழை இவ்வளவுதான் பெய்ய வேண்டும் என்று யாரும் விதித்த அளவல்ல. பல ஆண்டுகளின் மழையைக் கூட்டி வகுத்து எடுக்கும் சராசரி அது. உலக வானிலை அமைப்பு 30 ஆண்டுகளை எடுக்கிறது; முன்பு 1981 முதல் 2010 வரை இருந்தது, பிறகு 1991 முதல் 2020 வரை என்று மாறியது. நம் நாட்டின் வானிலைத் துறை பருவமழைக்கு அப்போது 1961 முதல் 2010 வரையிலான 50 ஆண்டுச் சராசரியைப் பயன்படுத்தியது. அதிலிருந்து 19 சதவீதம் வரை கூடினாலும் குறைந்தாலும் அதை இயல்பு என்றே எழுதுவார்கள். 60 சதவீதத்தைத் தாண்டினால் 'மிக அதிகம்'. அதற்கு மேல் தனிப் பெயர் கிடையாது.

ஜனவரியின் இயல்பு 12 மில்லிமீட்டர் என்பதால் ஒரே ஒரு நாள் நல்ல மழை பெய்தாலே சதவீதம் நூறைத் தாண்டிவிடும். இதே 136 மில்லிமீட்டர் அக்டோபரில் பெய்திருந்தால் 'இயல்பை விடக் குறைவு' என்று அறிக்கை வந்திருக்கும், விவசாயி வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். அப்படியானால் கெடுதியை அளக்க மழையின் அளவு போதாது. எந்தத் தேதியில் பெய்தது என்று பார்க்க வேண்டும். நம் முன்னோர் தொழுகையையும் நோன்பையும் பிறை பார்த்து நடத்தினார்கள்; வயலை மட்டும் ஆடி, ஐப்பசி, தை என்றுதான் கணக்கிட்டார்கள். ஹிஜ்ரி மாதம் பருவங்களைக் கடந்து நகர்ந்துகொண்டே இருக்கும், நெல்லோ தேதி தவறாது.

2020-21 சாகுபடி ஆண்டு நல்லபடியாகத்தான் தொடங்கியது. எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12 அன்று திறக்கப்பட்டது. குறுவை முடிந்து, சம்பாவும் பயிர் பிடித்தது. நவம்பர் 25 இரவு நிவர் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியது. டிசம்பர் தொடக்கத்தில் புரெவி இலங்கையைக் கடந்து வந்து ராமநாதபுரம் அருகே கடலில் நகராமல் நின்றபடியே டெல்டாவை நனைத்தது. அந்த வெள்ளத்தையும் தாங்கி நின்ற பயிர்தான் பொங்கல் வாரத்தில் சாய்ந்தது. பசிபிக் கடலில் லா நினா நிலவும் ஆண்டில் நமக்கு வடகிழக்குப் பருவமழை குறையும் என்பது பழைய கணக்கு; இம்முறை அது பொருந்தவில்லை. வழக்கமாக டிசம்பரோடு ஓய வேண்டிய கீழைக்காற்று ஜனவரியிலும் வீசியது. பருவமழை விலகியது ஜனவரி 19 அன்று. இந்த ஒரு மாதத்தை மட்டும் வைத்துப் பருவநிலையே மாறிவிட்டது என்று நாம் தீர்ப்புச் சொல்ல மாட்டோம். அதைச் சொல்லப் பல ஆண்டுகளின் கணக்கு வேண்டும்.

திருநள்ளாறு, நெடுங்காடு, அம்பகரத்தூர், நிரவி பக்கம் வயலை அறிந்தவர்களுக்கு மற்றதைச் சொல்ல வேண்டியதில்லை. வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்களுக்காகச் சொல்கிறோம். முற்றிய கதிர் பாரம் தாங்காமல் தண்ணீரில் படுத்துவிட்டால், நெல் கதிரிலேயே முளைத்துவிடும். முளைக்காமல் தப்பியதை அறுக்க டயர் வண்டி வயலில் இறங்காது. பெல்ட் வண்டிதான் வேண்டும், அதன் வாடகை அதிகம், அறுக்கும் நேரமும் அதிகம். அறுத்த நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதலில் தடை வரும், காய வைக்க வெயிலும் இல்லை. சம்பா நிற்கும்போதே அறுவடைக்கு முன் தெளித்துவிடும் உளுந்தும் பயறும் தேங்கிய நீரில் அழுகிப் போகும். விதை, உரம், நடவுக் கூலி என எல்லாச் செலவும் முடிந்து, வரவு மட்டுமே பாக்கியிருந்த நேரம் அது.

வானிலைத் துறையின் வரைபடத்தில் 'தமிழ்நாடு, புதுச்சேரி, காரைக்கால்' மூன்றும் ஒரே வட்டாரம். நிவாரணத்தில் அப்படி அல்ல. தமிழக அரசு ஜனவரி இறுதியில் 1,100 கோடி ரூபாய்க்கு மேல் இடுபொருள் மானியம் அறிவித்தது; நெல்லுக்கு ஹெக்டேருக்கு 13,500 ரூபாயாக இருந்ததை 20,000 ஆக உயர்த்தியது. வரப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு அது பொருந்தியது. இந்தப் பக்கம் இருப்பவர் புதுச்சேரியின் அறிவிப்பைத்தான் பார்த்திருக்க வேண்டும். காவிரியில் 7 டி.எம்.சி. நமக்கென்று நடுவர் மன்றம் ஒதுக்கியிருக்கிறது, ஆனால் வெள்ளம் எல்லை பார்த்து வருவதில்லை. இதை நம் ஜமாஅத்துகள் மாவட்ட நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேட்க வேண்டும்.

அரசிடம் கேட்பதற்கு முன் நம்மிடமே கேட்க வேண்டியது ஒன்று உண்டு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பிரான்ஸிலும் வளைகுடாவிலும் இருந்துகொண்டு, ஊரில் உள்ள நிலத்தை மாவுக்கு இத்தனை மூட்டை என்று குத்தகைக்கு விட்டிருக்கும் குடும்பங்கள் நம்மில் குறைவல்ல. விளைந்தாலும் விளையாவிட்டாலும் அந்த மூட்டைக் கணக்கு மாறாது. கதிர் தண்ணீரில் முளைத்துக் கிடக்கும்போது அதே கணக்கைக் கேட்கலாமா?

பழத்தோட்டத்தில் விளைச்சலை வாங்கியவருக்கு இயற்கைச் சேதம் நேர்ந்தால் அதைக் கழித்துவிடும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியதாக ஜாபிர் (ரலி) அறிவிக்கும் செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. இமாம் மாலிக் (ரஹ்) சேதம் மூன்றில் ஒரு பங்கை எட்டினால் கழிப்பது கடமை என்றார்கள். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) இறுதியாகக் கொண்ட கருத்தில் அது கடமையல்ல, விரும்பத்தக்கது. அது விற்பனை பற்றிய சட்டம், நிலக் குத்தகைக்கு அப்படியே பொருந்தாது, நிலம் அழியவில்லையே என்று ஃபுகஹாக்களில் பெரும்பாலோர் சொல்வதும் நமக்குத் தெரியும். எனவே குத்தகையை முழுதாகக் கேட்பவரை ஹராம் செய்தவர் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கடமையில்லை என்ற ஒரே காரணத்துக்காக, விரும்பத்தக்கது என்று இமாமே சொன்ன ஒன்றை விட்டுவிடுவது ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் ஊருக்கு அழகல்ல. அறுவடைக்கு முன்பே அழிந்த விளைச்சலுக்கு உஷ்ர் கிடையாது. அல்லாஹ்வின் பங்கே விழாத நெல்லில் நம் பங்கு மட்டும் விழ வேண்டும் என்று நிற்பதை எப்படி நியாயப்படுத்துவது?

மழையைத் தண்டனை என்று சொல்பவர்களுக்கு ஒன்று. நபி (ஸல்) அவர்கள் ஜும்ஆ குத்பாவில் இருந்தபோது, பஞ்சத்தால் கால்நடைகள் சாகின்றன என்று ஒருவர் முறையிட, அவர்கள் துஆ செய்ய, மறு ஜும்ஆ வரை மழை ஓயவில்லை. அடுத்த வெள்ளி வீடுகள் இடிகின்றன என்ற முறையீடு வந்தது. மழை ஊரைவிட்டு மேடுகளுக்கும் ஓடைகளுக்கும் போகட்டும் என்று அவர்கள் துஆ கேட்டார்கள். அனஸ் (ரலி) அறிவிக்கும் இது புகாரியில் உள்ளது. யாரையும் பாவி என்று அவர்கள் சுட்டவில்லை. இரண்டு முறையும் முறையிட்டவரின் கஷ்டத்தைக் கேட்டார்கள்.

தாளடிக்கு மாசியில் அறுவடை. குத்தகை நெல் அளக்கும் பேச்சும் அப்போதுதான் வரும். அதற்கு முன் உங்கள் நிலத்தைப் பயிர் செய்பவருக்கு ஒரு போன் செய்து, எத்தனை மா சாய்ந்தது என்று கேளுங்கள்.