காற்றின் கணக்கும் உழைப்பாளியின் கூலியும்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் முன்னோர் வாக்கு. காற்று எந்த மாதத்தில் எழும், எந்தத் திசையிலிருந்து வரும், எப்போது அடங்கும் என்பதைக் கொங்கு நாட்டுக் குடியானவன் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வரப்பில் நின்று தெரிந்துகொண்டான். அந்தக் காற்றுதான் இன்று உடுமலை, பல்லடம், தாராபுரம் வட்டாரங்களில் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. அந்த மின்சாரம் கம்பியில் கலந்து, திருப்பூரின் நிட்டிங் மிஷினையும் ஓவர்லாக் மிஷினையும், சோமனூர் விசைத்தறியையும், காங்கயத்துக் கிணற்று மோட்டாரையும் ஓட்டுகிறது. ஆகவே, நாளை எவ்வளவு காற்று அடிக்கும் என்பது வானிலை ஆராய்ச்சியாளரின் கேள்வி மட்டுமல்ல. நாளை வேலை உண்டா, கூலி உண்டா என்ற கேள்வியும் அதுவேயாகும்.

இது புதிய உறவும் அல்ல. 1932-ல் நீலகிரியின் பைக்காரா நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் பிறந்தது. அது கோவைக்கு வந்த பிறகே இந்த வட்டாரத்தில் பஞ்சாலைகள் பெருகின. அன்று மழை பொய்த்தால் அணை வற்றும். அணை வற்றினால் கதிர் நிற்கும். கதிர் நின்றால் தொழிலாளியின் அடுப்பு அணையும். இன்று மழையோடு காற்றும் வெயிலும் சேர்ந்திருக்கின்றன. வானத்தின் போக்கை முன்கூட்டி அறிவது அன்றைவிட இன்று பல மடங்கு அவசியமாகியிருக்கிறது.

ஏன் என்று பார்ப்போம். மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டருகே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வாய் திறந்திருக்கிறது. மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இந்த வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு நுழைகிறது. தமிழ்நாட்டுக் காற்றாலைகளின் மொத்தத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆனால் திறன் வேறு, கையில் கிடைப்பது வேறு. காற்றாலை தன் முழுத் திறனை எட்டுவதற்குக் கீழான வேகங்களில், காற்றின் வேகம் பாதியாகக் குறைந்தால் மின்சாரம் பாதியாகக் குறைவதில்லை. ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காக விழுந்துவிடுகிறது. காற்றுக் கணக்கில் சிறு பிழை நேர்ந்தாலும் மின்சாரக் கணக்கில் அது பெரும் பள்ளமாகிவிடும். அந்தப் பள்ளத்தை நினைத்த மாத்திரத்தில் நிரப்ப முடியாது. ஆறிப்போன அனல் நிலையக் கொதிகலனை மறுபடி மூட்டி ஓட்டப் பல மணி நேரம் பிடிக்கும். வெளிச் சந்தையில் அவசரமாக வாங்கினால் ஒரு யூனிட் 10 ரூபாய் வரை ஏறும். அந்தச் செலவு கடைசியில் யார் தலையில் விடியும் என்று சொல்லவும் வேண்டுமோ?

எனவே நாளைய காற்றை இன்றே அறிந்தாக வேண்டும். அதற்கு விஞ்ஞானம் இல்லையா? இருக்கிறது. நம் நாட்டிலேயே இருக்கிறது. பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகம் படித்த அன்னா மணி என்ற விஞ்ஞானியை நம் தொழிலாளர்கள் அறிந்திருக்க வேண்டும். இந்திய வானிலைத் துறையில் துணைத் தலைமை இயக்குநர் பதவி வரை உயர்ந்தவர் அவர். காற்றையும் வெயிலையும் அளக்கும் கருவிகளை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்து காலம் தள்ளிய நாட்டில், அவற்றை இங்கேயே செய்ய வழி வகுத்தார். 1976-ல் ஓய்வு பெற்ற பின்னும் ஓயாமல், நாடெங்கும் 700-க்கும் மேற்பட்ட இடங்களில் காற்றை அளக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார். காற்றாலையை எங்கே நடுவது என்ற கணக்கு இத்தகைய உழைப்பின் மேல்தான் நிற்கிறது. 1998-ல் சென்னையில் காற்றாற்றலுக்கென்றே மத்திய சர்க்காரின் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. 2015 முதல் தமிழ்நாட்டுக் காற்றாலைகளுக்கு முன்னறிவிப்பும் தரப்படுகிறது. ஒரு நாளை 15 நிமிடக் கூறுகளாக 96 ஆகப் பிரித்து, ஒவ்வொரு கூறிலும் எவ்வளவு மின்சாரம் வரும், எவ்வளவு தேவை என்று கணக்கிடுகிறார்கள். இந்த விஞ்ஞானிகளையும் பொறியாளர்களையும் நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

அப்படியானால் குறை எங்கே? கணக்கைப் போடுவதில் அல்ல; அந்தக் கணக்கு யாருக்காக என்பதில்தான் குறை இருக்கிறது.

2012-ஆம் ஆண்டை இந்த வட்டாரத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். சென்னை நகருக்கு மின்வெட்டு 2 மணி நேரம். கோவை, திருப்பூர் உள்ளிட்ட மாவட்டங்களில் அது நாளொன்றுக்கு 10 மணி நேரத்தையும் தாண்டியது. பெரிய கம்பெனி ஜெனரேட்டரை ஓட்டி ஆர்டரை முடித்தது. சிறு பவர்டேபிள்காரன் கடனில் விழுந்தான். பீஸ் ரேட்டுத் தொழிலாளியோ மிஷின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்த நேரத்துக்குக் கூலி இல்லை. வேடிக்கை என்னவென்றால், அதே காலத்தில் காற்றுப் பருவத்தின் சில வேளைகளில், கம்பி தாங்காது என்று காற்றாலைகளை நிறுத்தச் சொன்னதும் நடந்தது! தென்னாட்டு மின் தொகுப்பு நாட்டின் ஏனைய பகுதியோடு முழுமையாக இணைந்தது 2013 டிசம்பர் 31-ல்தான். காற்றாலை முளைத்த வேகத்தில் கம்பி முளைக்கவில்லை.

ஏன் முளைக்கவில்லை? காற்றாலையை நட்டவர்களுக்கு வருமான வரிச் சலுகை காத்திருந்தது. 2012 வரையில், போட்ட முதலில் 80 சதவீதத்தை முதலாண்டிலேயே தேய்மானமாக எழுதிக்கொள்ள முடிந்தது. லாபத்துக்கு வரி கட்டுவதைவிடக் காற்றாலை நடுவது மேல் என்று பணக்காரர்கள் கண்டுகொண்டார்கள். கம்பியும் சேமிப்பும் முன்னறிவிப்பும் யாருக்கும் வரிச்சலுகை தரவில்லை; அவை பின்தங்கின. தனி மனிதர் லாபத்துக்கு முந்துவதும், பொதுத் தேவை பிந்துவதும் திட்டமிடுதல் ஆகாது.

கிராமத்துக்கும் இதே கதைதான். மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாவிட்டால், நடுச்சாமத்தில் மடை மாற்றப் போய்ப் பாம்பை மிதிப்பவர் நிலத்துக்காரரின் பண்ணையாளாகத்தான் இருப்பார். தண்ணீர் வராத நாளில் களையெடுப்பும் இல்லை, கூலியும் இல்லை. மின்சாரத்துக்காக இம்மண்ணில் ரத்தம் சிந்தியிருக்கிறது. 1970 ஜூன் 19-ல் பெருமாநல்லூரில், மின் கட்டண உயர்வை எதிர்த்துத் திரண்ட விவசாயிகளில் மூவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர்.

இனி வரப்போகும் காலம் இன்னும் கடுமையானது. 1901 முதல் உள்ள கணக்கில் நம் நாட்டின் மிக வெப்பமான ஆண்டு 2024 என்று வானிலைத் துறை அறிவித்தது. அவ்வாண்டு மே 2-ஆம் தேதி தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. அப்போது பருவக்காற்று இன்னும் எழவில்லை. வெயில் மின்சாரமோ பொழுது சாய்ந்ததும் அடங்கிவிடும், மின்விசிறியும் ஏ.சி.யும் இரவிலும் ஓடும். ஆக, தேவை உச்சத்தில் நிற்கும் வேளையும் காற்றும் கதிரும் தரும் வேளையும் பொருந்தவில்லை. இந்த இடைவெளியை அடைப்பதே இனிமேல் மின் திட்டத்தின் தலையாய பணி.

அடைக்க வழி உண்டு. ஆனைமலையில் 1980-களின் கடைசியில் ஓடத் தொடங்கிய காடம்பாறை நிலையமே சாட்சி. மின்சாரம் மிஞ்சும்போது மேல் ஆழியாறு அணைத் தண்ணீரை மேலே ஏற்றி வைக்கிறார்கள். தட்டுப்படும்போது இறக்கி 400 மெகாவாட் வரை எடுக்கிறார்கள். மிஞ்சியதைச் சேர்த்து வைப்பது, பஞ்சத்துக்குக் குதிரில் தானியம் கொட்டி வைப்பது போலத்தான். ஆனால் எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது என்று சொல்ல நல்ல வானிலைக் கணக்கு வேண்டும். விஞ்ஞானமும் திட்டமும் கைகோத்தால்தான் குதிர் பயன்படும்.

சட்டம் என்ன சொல்கிறது? மின்சாரமின்மையால் வேலை தர முடியாவிட்டால் அது 'லே-ஆப்'; தொழிலாளிக்குப் பாதிச் சம்பளமும் பஞ்சப்படியும் உண்டு என்று 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டமே எழுதி வைத்தது. ஆனால் 50 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்கு அது இல்லை. 2020-ல் பாராளுமன்றம் நிறைவேற்றிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் அந்த 50 என்ற கோடு அப்படியே நிற்கிறது. திருப்பூரின் சந்து பொந்துகளிலுள்ள பவர்டேபிள்களில் எத்தனையில் 50 பேர் இருக்கிறார்கள்?

ஆகவே நாம் கோருவது இவைதான். நாளைய காற்று, வெயில், மின்சாரக் கணக்கை முந்திய நாளே தமிழில் எல்லோருக்கும் வெளியிட வேண்டும். வெட்டு தவிர்க்க முடியாததானால் நேரத்தை முன்கூட்டி அறிவித்து, தலைநகருக்கும் மாவட்டத்துக்கும் சமமாகப் பங்கிட வேண்டும். மும்முனை மின்சாரம் பகல் வேளையில், சொன்ன நேரத்தில் கிராமத்துக்கு வர வேண்டும். நீலகிரியில் 500 மெகாவாட்டுக்குத் திட்டமிட்ட குந்தா நீரேற்று நிலையமும் இனி வரும் சேமிப்பு நிலையங்களும் பொதுத்துறையின் கையிலேயே இருக்க வேண்டும். மின்சாரம் நின்ற நேரத்துக்கு, 50 என்ற கோடின்றி, பீஸ் ரேட்டுத் தொழிலாளிக்கும் கூலி வேண்டும்.

காற்றுக்குப் பட்டா இல்லை. சூரியனுக்குக் கிரயப் பத்திரம் இல்லை. அவை எல்லோருக்கும் பொது. அவற்றை அளந்து சொல்லும் விஞ்ஞானமும் மக்கள் பணத்தில் வளர்ந்ததே. அதன் பலன் கம்பெனிக் கணக்குப் புத்தகத்தோடு நின்றுவிடக்கூடாது. பனியன் தொழிலாளியின் வாரக் கூலியிலும், விவசாயத் தொழிலாளியின் உலையிலும் தெரிய வேண்டும். தொழிற்சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் இக்கோரிக்கைகளை ஒரே குரலில் எழுப்பட்டும். அடுத்த கோடை வருமுன் எழுப்பட்டும்!