‘மைல்டு’ சுருட்டு என்னும் முதல் படி

ரப்பரை வெட்டிச் செம்பனை நட்ட காலத்துக்கு முன்பிருந்தே கோத்தா திங்கி வட்டாரத் தோட்டங்களில் சுருட்டு உண்டு. மாலையில் லயத்து வாசலில் குந்தியிருக்கும் தாத்தாவின் உதட்டில் ஒன்று. தோட்டத்து எல்லையில் காவல் நிற்கும் முனியாண்டி சாமியின் படையலில் ஒன்று. கருவாடு, முட்டை, சாராயம் என்று எல்லாம் வைத்துவிட்டுச் சுருட்டை மறந்தால் சாமி கோபித்துக்கொள்வார் என்று பயந்த காலம் அது. ஆனாலும் அந்தச் சுருட்டுக்குப் பகட்டு கிடையாது. உழைத்துக் களைத்தவரின் புகை என்று பெயர் வாங்கியிருந்தது. படித்துவிட்டு ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போன பேரப்பிள்ளைகள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது அதே பொருள் வேறு வேடத்தில் வந்திருக்கிறது. கோத்தா திங்கி மாவட்டத்தின் கடலோரத்தில்தான் டேசாரு இருக்கிறது. கோல்ஃப் மைதானங்களும் சொகுசு விடுதிகளும் நிறைந்த அந்தக் கரையில் சுருட்டு வெற்றியின் அடையாளமாகப் பார்க்கப்படுகிறது. திருமண விருந்திலும் பதவி உயர்வுக் கொண்டாட்டத்திலும் அது படத்துக்கு ஏற்ற பொருள். கியூபா, டொமினிக்கன் குடியரசு, நிக்கராகுவா என்று ஊர்ப் பெயர்கள் பேச்சில் அடிபடுகின்றன. மலேசியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. பேர்பெற்ற கியூபா சுருட்டு ஒன்று, அந்தச் சம்பளத்தில் ஒரு நாள் கூலியை எளிதாக விழுங்கிவிடும்.

இந்தப் புது மோகத்தோடு ஒரு கேள்வியும் சேர்ந்தே வருகிறது: புதிதாகப் பிடிப்பவர் எந்தச் சுருட்டில் தொடங்குவது?

விற்பவர்களும் பழகியவர்களும் சொல்லும் பதில் உலகெங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் கனெக்டிகட் இலை சுற்றிய, வெளிர் பழுப்பு நிறச் சுருட்டை எடுங்கள், அது ‘மைல்டு’. ஐந்து அங்குல ரொபுஸ்டோ போதும், நீளமானது வேண்டாம். வெறும் வயிற்றில் பிடிக்காதீர்கள். புகையை நெஞ்சுக்குள் இழுக்காமல் வாயில் வைத்திருந்து ஊதிவிடுங்கள். நிமிடத்துக்கு ஓர் இழுப்பு, அவசரம் கூடாது. தலை சுற்றினால் கீழே வைத்துவிட்டு இனிப்பு ஏதாவது வாயில் போட்டுக்கொள்ளுங்கள். நாக்கு பழகியதும் ‘மீடியம்’, அதற்குப் பிறகு ‘ஃபுல் பாடி’.

கேட்பதற்குப் பக்குவமான ஆலோசனைதான். ஆனால் சாப்பிட்டுவிட்டுப் பிடி, மெதுவாக இழு, தலை சுற்றினால் நிறுத்து என்பவை சுவைக் குறிப்புகள் அல்ல. நிகோட்டின் அளவு மீறும்போது குமட்டல், குளிர்ந்த வியர்வை, தலைச்சுற்றல் என்று உடம்பு காட்டும் எதிர்ப்பைச் சமாளிக்கும் வழிகள் அவை. உடம்பு முதல் நாளே வேண்டாம் என்கிறது. ஆலோசனை சொல்பவரோ, வேண்டாம் என்று சொல்லாதபடி அதைப் பழக்கச் சொல்கிறார். ‘மைல்டு’ என்பது அந்த ஏணியின் முதல் படி. ஏறத் தொடங்குபவர் வழுக்கி விழாமல் இருக்கத்தான் அதை அவ்வளவு தாழ்வாக வைத்திருக்கிறார்கள்.

மென்மை நாக்குக்கு மட்டும்தான் பொருந்தும். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1998இல் சுருட்டைப் பற்றித் தனி நூலாகவே ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. அதன்படி, ஒரு சிகரெட்டில் இருக்கும் புகையிலை ஒரு கிராமுக்கும் குறைவு. பெரிய சுருட்டில் 5 முதல் 20 கிராம் வரை இருக்கலாம். அதாவது ஒரு பெட்டி சிகரெட்டின் புகையிலை ஒரே சுருட்டுக்குள் அடங்கிவிடக்கூடும். இலையை மாதக்கணக்கில் நொதிக்கவிட்டுப் பதப்படுத்துவதால்தான் சுருட்டுக்கு அந்த மணம் வருகிறது. புற்றுநோயைத் தூண்டும் நைட்ரோசமைன்கள் பெருகுவதும் அதே பதப்படுத்தலில்தான். வெளிர் இலையோ கருத்த இலையோ, இந்த வழியில் வராத சுருட்டு இல்லை.

‘நெஞ்சுக்குள் இழுப்பதில்லையே’ என்பது சுருட்டுக்காரர்களின் வழக்கமான சமாதானம். அதில் பாதி உண்மை இருக்கிறது. உள்ளே இழுக்காதவருக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்து சிகரெட் பிடிப்பவரைவிடக் குறைவு. மீதிப் பாதியை யாரும் பேசுவதில்லை. சுருட்டுப் புகை காரத்தன்மை கொண்டது என்பதால் அதிலுள்ள நிகோட்டின் கன்னத்தின் உட்தோல் வழியாகவே இரத்தத்தில் கலந்துவிடும். ஆபத்தும் வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய் என்று இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். மனத்தின் ஆழத்தை ஆராய்ந்த சிக்மண்ட் ஃபிராய்டு தீராத சுருட்டுப் பிரியர். 1923இல் அவருக்கு வாய்ப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. 1939இல் இறக்கும்வரை முப்பதுக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளைத் தாங்கினார். சுருட்டை மட்டும் அவரால் விட முடியவில்லை.

நம் பக்கத்திலேயே இன்னொரு சாட்சி உண்டு. ஆந்திராவின் ஸ்ரீகாகுளம், விசாகப்பட்டினம் கடலோரக் கிராமங்களில் பெண்கள் ‘சுட்டா’ எனும் நாட்டுச் சுருட்டின் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துப் பிடிக்கும் வழக்கம் இருந்தது. அங்கே மேலண்ணத்தில் வரும் புற்றுநோய் மிகுதியாக இருந்ததை மருத்துவ ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் பதிவு செய்திருக்கிறார்கள்.

மாதத்துக்கு ஒன்று பிடித்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவருக்கும் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். தினமும் பிடிப்பவரின் ஆபத்தும் எப்போதாவது பிடிப்பவரின் ஆபத்தும் ஒன்றல்ல; எண்ணிக்கை கூடக் கூட ஆபத்தும் கூடும். ஏற்கெனவே சிகரெட் பழக்கம் உள்ளவர் சுருட்டுக்கு மாறினால் பழக்கதோஷத்தில் புகையை உள்ளே இழுத்துவிடுவார் என்பதும் ஆய்வுகளில் தெரிந்த உண்மை. வருடத்துக்கு ஒன்றோடு நிறுத்திக்கொள்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அவர்களை மட்டும் நம்பி யாரும் கடை திறப்பதில்லை. ‘மைல்டு’, ‘மீடியம்’, ‘ஃபுல்’ என்று அடுத்தடுத்த படியைக் காட்டும் ஆலோசனை, முதல் படியிலேயே நின்றுவிடுபவருக்காக எழுதப்பட்டதும் அல்ல.

சுருட்டை வெளிநாட்டு நாகரிகம் என்று நினைப்பவர்கள் தமிழ்நாட்டு வரலாற்றைப் பார்க்க வேண்டும். திருச்சி உறையூரில் உருட்டிய சுருட்டு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கப்பலேறி லண்டன் போனது. 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், கொலை நடந்த இடத்துச் சாம்பலைப் பார்த்தே ‘டிரிச்சினாப்பொலி’ சுருட்டு என்று துப்பறிவாளர் கண்டுபிடிக்கிறார். திண்டுக்கல்லில் ஸ்பென்சர் கம்பெனி சுருட்டு ஆலை நடத்தியது. யாழ்ப்பாணத்துச் சுருட்டு தென்னிலங்கைச் சந்தைகள்வரை போய், பல குடும்பங்களை வணிகர்களாக்கியது. சர்ச்சிலுக்கே திருச்சிச் சுருட்டு போனது என்று அந்த ஊர்க்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். தொழில் என்ற முறையில் அந்தப் பெருமை நியாயமானது. உருட்டியவர்களின் கைத்திறனும் உண்மை. ஆனால் தாத்தா பிடித்த நாட்டுச் சுருட்டை நாற்றம் என்று ஒதுக்கிவிட்டு, தங்கநிறக் காகிதப் பட்டை சுற்றிய கியூபா சுருட்டை நறுமணம் என்று கொண்டாடுவது வேடிக்கை. உள்ளே எரிவது ஒரே புகையிலை. மாறியிருப்பது விலையும் பட்டையும்தான்.

சட்டமும் இரண்டையும் ஒன்றாகத்தான் பார்க்கிறது. மலேசியா 2005இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை ஏற்றது. ‘லைட்’, ‘மைல்டு’ போன்ற சொற்கள் ஒரு பொருள் மற்றொன்றைவிடத் தீங்கு குறைந்தது என்ற பொய்த் தோற்றத்தைத் தரக்கூடும் என்று அதன் 11ஆம் பிரிவு எச்சரிக்கிறது. பெட்டியில் அச்சிட்டால் ஏமாற்று என்று கருதப்படும் சொல், சுருட்டு அறிமுகம் செய்பவரின் வாயில் மட்டும் நல்ல ஆலோசனை ஆகிவிடுமா?

ஜொகூருக்கு இந்த விஷயத்தில் துணிச்சல் புதிதல்ல. சுல்தான் இப்ராஹிமின் ஆணைப்படி 2016 ஜனவரி 1 முதல் மாநிலத்தில் வேப் விற்பனைக்குத் தடை வந்தது. மற்ற மாநிலங்கள் பல அப்போது யோசித்துக்கொண்டிருந்தன. நாடு முழுவதும் உணவகங்களில் 2019 முதல் புகைக்க முடியாது. 2024 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்த 852ஆம் சட்டம், 18 வயது நிறையாதவருக்குப் புகைப்பொருள் விற்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. இந்தச் சட்டம் வருவதற்கு முந்தைய முயற்சிகளுக்கே பலன் தெரிந்தது. தேசியச் சுகாதார ஆய்வின்படி புகைபிடிக்கும் பெரியவர்கள் 2019இல் 21.3 விழுக்காடு, 2023இல் 19 விழுக்காடு.

அந்தச் சட்டத்தில் விடுபட்டது ஒன்று உண்டு. 2007 ஜனவரி 1 அன்றும் அதற்குப் பிறகும் பிறந்தவர்கள் எந்த வயதிலும் புகைப்பொருள் வாங்க முடியாது என்ற தலைமுறைத் தடை முதலில் மசோதாவில் இருந்தது. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்னும் கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆம் பிரிவுக்கு அது முரணாகலாம் என்ற சட்டத்துறையின் கருத்தை ஏற்று, 2023இல் மக்களவையில் நிறைவேறுவதற்கு முன்பே அதை நீக்கிவிட்டார்கள். ஆனால் மாலத்தீவு அதே 2007ஐ எல்லையாக வைத்து 2025 நவம்பரில் அந்தத் தடையை நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது.

அந்தத் தடை காப்பாற்றியிருக்க வேண்டிய முதல் அணி 2025இலேயே 18 வயதைத் தொட்டது. 2008இல் பிறந்தவர்களின் முறை 2026இல் வருகிறது. எந்தச் சுருட்டில் தொடங்கலாம் என்று கேட்கப்போவது அவர்கள்தான். தலைமுறைத் தடையை அரசியலமைப்புக்கு இசைவாகத் திருத்தி மறுபடி மக்களவைக்குக் கொண்டுவர வேண்டியது சுகாதார அமைச்சின் பொறுப்பு. அதுவரை செய்யக்கூடிய சிறிய வேலையும் இருக்கிறது. அமெரிக்காவின் ஏழு பெரிய சுருட்டு நிறுவனங்கள் 2000இல் அரசுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாயிலும் தொண்டையிலும் புற்றுநோய் வரலாம் என்ற எச்சரிக்கையைத் தங்கள் சுருட்டுப் பெட்டிகளில் அச்சிட ஒப்புக்கொண்டன. அதே வாசகத்தை மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் இங்கே விற்கும் ஒவ்வொரு சுருட்டுப் பெட்டியிலும் போடச் சொல்லலாம்.