நாக்குல கோளாறு இல்லீங்கோ!

"பயத்தை விடு, திக்குவாய் தானா சரியாயிடும்", "நாக்குல வசம்பைத் தேய்". இந்த அட்வைஸை எப்பய்யா நிறுத்துவீங்க?

2002-லயே ஜெர்மனியில மார்ட்டின் சோமர் குழு, திக்குறவங்க 15 பேரோட மூளையை ஸ்கேன் பண்ணி 'லான்செட்'ல எழுதியாச்சு. மூளைப் பகுதிகளை இணைக்கிற நரம்பிழைக் கட்டுகள், அதாங்க வெண்பொருள், இடப்பக்கம் பேச்சு சம்பந்தப்பட்ட ஓரிடத்துல மத்தவங்களுக்கு இருக்கிற அளவு சீரா இல்லை. காலம்பூரா திக்கினதால வந்த மாற்றமா இருக்கும்னு சிலர் இழுக்கலாம். பின்னாடி வந்த ஆய்வுகள்ல திக்குற குழந்தைகள்கிட்டயும் இடப்பக்கம் வித்தியாசம் தெரிஞ்சுதே! பதட்டத்துல திக்கு கூடும், ஒத்துக்கறேன். அதுக்காக பதட்டம்தான் காரணம்னு ஆயிடுமா?

நான் என் பேரைச் சொல்லத் திணறும்போது "ரிலாக்ஸ்"னு தோளைத் தட்டாதீங்க. நீங்களா முடிச்சும் வைக்காதீங்க. கொஞ்சம் பொறுங்க சாமி, நானே சொல்றேன்.